புதுப்பிப்பு: கோத்தகிரி வீட்டின் பின்னறை ஸ்டோர் ரூம் ஆகிவிட்டது

அக்கா கல்யாணமாகிப் போனபின் சும்மா கிடந்த பின்னறையைச் சாமான் அறையாக மாற்றலாமா, ஈரம் விடுமா என்று மே மாதம் உங்களிடம் கேட்டிருந்தேன். மாற்றிவிட்டோம். ஐப்பசி மழையும் பார்த்தாயிற்று.

தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலை ஓரளவு மறைத்துவிடுவதால் எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. அதனால் ஆகஸ்டில் அறை காய்ந்திருந்ததை நான் நம்பவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. முதல் அடைமழையிலேயே வடக்குச் சுவரில் கையை வைத்தால் சில்லென்று ஒட்டியது. சுவரோடு சேர்த்து வைத்திருந்த அட்டைப்பெட்டியின் அடியில் பச்சையாகப் பூஞ்சணம். அம்மாவின் கம்பளி இரண்டு வீணாயின. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் நீங்கள் சொன்னபடியே செய்தேன். இரும்பு ரேக்குகளைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டேன். அட்டைப்பெட்டிக்குப் பதில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். சுவர் இப்போது மூச்சு விடுகிறது.

ஈரம் இழுக்க அறையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. நீற்றாத, அதாவது இன்னும் தண்ணீர் சேர்க்காத, சுண்ணாம்பை மண்சட்டியில் பாதி மட்டும் போடுங்கள். ஈரம் இழுத்து உப்பும். தண்ணீர் பட்டால் கொதிக்கும், குழந்தைகள் இருந்தால் வேண்டாம்.

பூண்டை மட்டும் அங்கே வைக்கவில்லை. அது பழையபடி அடுப்புக்கு மேலே புகையில்தான் தொங்குகிறது.