ஆகாய கங்கையில் நீர் சிவந்த நாள்

முதல் பதிவு, சேலத்திலிருந்து:
கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கி ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐப்பசியில் நாங்கள் இறங்கியபோது வானம் தெளிவாக இருந்தது. சாரல் தாங்க முடியாததால், அருவியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பாறையில் மகளை உட்கார வைத்தேன். அப்போது மலைவாசி ஒருவர், "தண்ணி செவக்குது, புள்ளையத் தூக்கிட்டு மேல வாங்க" என்று கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் குரலில் இருந்த பதற்றத்துக்காகவே அவளைத் தூக்கினேன். சில படிகள் ஏறித் திரும்பியபோது அந்தப் பாறையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் செந்நிற வெள்ளம் சுள்ளிகளைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. கூட்டத்தில் அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டது இன்றும் உறுத்துகிறது.

மறுமொழி, நாமக்கல்லிலிருந்து:
வானம் தெளிவாக இருந்ததை நீங்கள் ஒரு காரணமாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. அருவியாக விழும் அய்யாறு மலையின் மேல்பகுதிகளில் பெய்யும் மழையையெல்லாம் திரட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே பள்ளத்தில் நிற்பவருக்கு மேலே என்ன பெய்கிறது என்பது தெரியவே தெரியாது. நீர் கலங்கினாலோ, சருகுகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் திடீரென மாறினாலோ, பையையும் செருப்பையும் தேடாமல் உடனே ஏறிவிட வேண்டும். கீழே இறங்குமுன் கோயிலருகே கடை வைத்திருப்பவர்களிடம் மேலே மழை பெய்ததா என்று கேளுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைத் திரும்ப ஏற வேண்டும் என்பதால் முற்பகலிலேயே இறங்கிவிடுங்கள், தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். முழங்கால் வலி உள்ள முதியவர்களைக் கோயிலிலேயே இருக்கச் சொல்லுங்கள். என் மாமா பாதிப் படியில் மயங்கி விழுந்து, நான்கு பேர் தூக்கி வந்தோம்.

மறுமொழி, துறையூரிலிருந்து:
மழையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, முதியவர்களைப் பற்றிச் சொன்னது சரியில்லை. மற்றவர்கள் இறங்கும்போது அம்மாவைக் கோயிலருகே ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருக்கச் சொன்னோம், அவர் மறுத்தார். கைப்பிடியைப் பற்றி, பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, கடைசித் திருப்பம் வரை வந்தார். அருவி முழுதாகக் கண்ணில் பட்டதும் கைகூப்பி, "இந்தத் தண்ணிதானே புளியஞ்சோலையில நம்ம ஆத்துல ஓடுது" என்றார். சிறு வயதில், மலையடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலையில் அவர் துணி துவைத்த ஆறு அது. ஏறி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுத்த ஆண்டு அவர் இல்லை. கோயிலிலேயே இருக்க வைத்திருந்தால் அந்த முகத்தை நான் பார்த்திருக்க மாட்டேன்.