சாண எரிவாயு பற்ற மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நாலு பேரும் முடிந்ததை நாங்களே செய்துகொண்டு இருக்கிறோம். கோழிக்கூடு, குளியல் தண்ணீரில் வாழை எல்லாம் சரி. 1 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன்தான் படுத்துகிறது. இரண்டு மாட்டுச் சாணம் 25 கிலோவை அதே அளவு தண்ணீரில் கரைத்து தினமும் ஊற்றுவோம். போன வாரம் விருந்தில் மிஞ்சிய சோற்றை ஒரு அண்டா கொட்டிவிட்டேன் (வீட்டில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்). அப்புறம் வாயு சேரும் மேல்தொட்டி நன்றாக எழும்புகிறது, ஆனால் தீக்குச்சி வைத்தால் அணைந்துவிடுகிறது. வெளியே வரும் கரைசலில் புளித்த வாடை. கரியமில வாயுதான் அதிகம் என்று நினைக்கிறேன். ஊற்றுவதை நிறுத்திக் காத்திருந்தால் போதுமா? சுண்ணாம்புத் தண்ணீர் விடலாமா, எவ்வளவு? இல்லை, நன்றாக ஓடும் கலனிலிருந்து கரைசல் வாங்கி ஊற்றணுமா? பட்டவர்கள் சொல்லுங்கள். இப்போதைக்கு விறகுதான் எரிகிறது, திட்டோடு.