இன்டர்ன் எடுக்கலாமா, வேண்டாமா?

திருப்பூரில் சின்ன லேபிள் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறேன். என்னோடு சேர்த்து ஐந்து பேர். பில்லெல்லாம் பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கும். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு) போட வேண்டும் என்றால் முந்தின நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் கிடையாது.

இப்போது பி.காம் மாணவி ஒருவர் 2 மாத இன்டர்ன்ஷிப் கேட்கிறார். டேலி கணக்கு சாஃப்ட்வேர் தெரியுமாம். போன வருடம் சொந்தக்காரப் பையனை உட்கார வைத்தேன். ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டான். சரக்கு வாங்கிய பார்ட்டி, கட்டிய ஜிஎஸ்டிக்கு கிரெடிட் வரவில்லையென்று சண்டைக்கு வந்துவிட்டார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அரசு அப்ரண்டிஸ் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு தருகிறது. ஆனால் 2 மாதத்துக்கு அது ஒத்துவராது. சும்மா வேலை வாங்கவும் மனசில்லை.

சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு நானே செய்துவிடலாமோ? எடுத்தவர்கள் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த வேலையை நம்பி விட்டீர்கள்? கொஞ்சம் சொல்லுங்களேன். திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.