கஜாவில் விழுந்த இடத்தில் மறுபடியும் தென்னையா?

புதாற்றங்கரை:
2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் எங்கள் தோப்பில் 140 மரத்தில் நின்றது 11. அப்பா மறுபடி நெட்டைத் தென்னையே வைத்தார், இப்போதுதான் காய்க்கிறது. சும்மா கிடக்கிற ஒரு ஏக்கரிலும் தென்னைதான் என்கிறார். கடல் சூடாகச் சூடாகப் புயலுக்கு வலு கூடும் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் என்ன சொல்கிறீர்கள்?

கடைமடையான்:
அப்பா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. தென்னங்கன்று என்றா நாம் சொல்கிறோம்? தென்னம்பிள்ளை என்கிறோம். பிள்ளை செத்த வீடு மாதிரிதான் அன்றைக்கு ஊரே கிடந்தது. தோப்பு இல்லாவிட்டால் அது நம் ஊரே இல்லை.

மேட்டுநிலம்:
அண்ணே, அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் ஊர் என்றால் தென்னை என்பதை ஏற்க முடியாது. 1934இல் மேட்டூர் அணையோடு புதாறு (கல்லணைக் கால்வாய்) வந்த பிறகுதான் நம் பக்கம் நெல் பெருகியது. அதற்கு முன் வானம் பார்த்த பூமி. கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காக வராமல் போனதும் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியது யார்? நம் அப்பாக்கள்தானே. அதனால் ஊர் மாறிப்போய்விட்டதா?

கஜாவுக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தார்கள், அதில் 500 வெட்டி அகற்றும் கூலி. நெட்டை காய்க்க ஆறேழு வருஷம். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? என் தம்பி திருப்பூருக்குப் போனது ஊர்ப்பாசம் இல்லாமல் இல்லை. இருந்த நிலம் முழுவதும் ஒரே பயிர், அதுதான் காரணம்.

கடைமடையான்:
சரி, தென்னை வேண்டாம் என்றால் வேறு என்ன? உளுந்தும் கடலையும் போட ஆள் கிடைக்கிறதா? தென்னை என்றால் வயதான மனுஷன் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். புதாற்றங்கரையின் அப்பாவுக்கு என்ன வயது இருக்கும், யோசித்தீர்களா?

மேட்டுநிலம்:
ஆள் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அதனால் முழுவதும் எடுக்கச் சொல்லவில்லை. பாதியில் குட்டை ரகம் வைத்தால் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். வரப்பில் பனை போடுங்கள், எங்கள் குளக்கரையில் கஜாவுக்கு ஒரு பனைகூடச் சாயவில்லை.

கடைமடையான்:
பனை பலன் தர 15 வருஷம் ஆகும்!

புதாற்றங்கரை:
அப்பாவுக்கு 71. படித்துக் காட்டினேன். குட்டை ரகம் வேண்டாமாம். பனங்கொட்டை எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்கிறார்.