பிள்ளை கம்யூனிட்டி காலேஜ் டீமில் சேர்ந்தால் யார் காசு, எவ்வளவு காசு?

எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து கலிஃபோர்னியாவில் இருக்கும் ஃப்ரீமான்ட் வந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. நான் ஹெச்1பி வேலை விசா, மனைவியும் மகளும் என்னைச் சார்ந்து வந்த ஹெச்4 விசா. மகள் இந்த ஜூனில் பன்னிரண்டாவது முடிக்கிறாள், பேட்மின்டன் நன்றாக ஆடுவாள். இங்கே கம்யூனிட்டி காலேஜ்களில், அதாவது இரண்டு வருஷப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரிகளில், பேட்மின்டன் டீம் உண்டு என்கிறார்கள். டீமில் சேர்ந்தால் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? விளையாட்டால் காலேஜுக்குக் கோடிக்கணக்கில் வருமானம் என்றும் கேள்விப்பட்டேன். அதில் பிள்ளைகளுக்கு ஏதாவது வருமா?

—

தம்பி, முதலில் சந்தோஷமான விஷயம். பெரிய யூனிவர்சிட்டிகள் ஆடும் என்சிஏஏ போட்டிகளில் பேட்மின்டனுக்கு சாம்பியன்ஷிப்பே கிடையாது. ஆனால் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் பெண்கள் பேட்மின்டன் முறையான போட்டி, மாநில சாம்பியன்ஷிப் வரைக்கும் போகலாம். என் மகள் இரண்டு வருஷம் ஆடினாள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

ஸ்காலர்ஷிப் கிடைக்காது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் தரக் கூடாது என்பது விதி. டெக்சஸ், கான்சஸ் பக்கம் இருக்கும் உறவுக்காரர்கள் வேறு கதை சொல்வார்கள், அதுவும் உண்மைதான். அங்குள்ள காலேஜ்கள் என்ஜேசிஏஏ என்ற தேசிய அமைப்பில் இருக்கின்றன. அதில் முதல் டிவிஷன் காலேஜ் ட்யூஷன் (படிப்புக் கட்டணம்), தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தரலாம். இரண்டாவது டிவிஷனில் ட்யூஷன், ஃபீஸ், புத்தகத்தோடு சரி. மூன்றாவதில் ஒன்றும் கிடையாது. நம் மாநிலம் இந்த அமைப்பிலேயே இல்லை, தனி சங்கம் வைத்திருக்கிறது.

ஆனால் உங்களுக்குப் பெரிய பணம் மிச்சமாகப் போவது வேறு இடத்தில். இங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் இத்தனை யூனிட் என்று கணக்கு, கட்டணமும் அதன்படிதான். மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். 12 யூனிட் எடுத்தால் ஒரு செமஸ்டருக்கு 552 டாலர், அதற்கு மேல் ஹெல்த் ஃபீஸ், பார்க்கிங் மாதிரி சில்லறைச் செலவுகள். வெளியாள் என்று கணக்கு வைத்தால் பல காலேஜ்களில் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஹெச்4-இல் இருப்பவர்கள் மாநிலவாசி ஆக முடியும், பலருக்கு இது தெரிவதில்லை. செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஒரு வருஷமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்தைக் காட்ட வேண்டும். மாநில வருமான வரி தாக்கல் செய்த காப்பி, வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். விண்ணப்பத்தில் விசா வகையைத் தப்பாகக் குறித்துவிட்டு முழுக் கட்டணம் கட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, 21 வயதில் ஹெச்4 முடிந்து எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் அந்தச் சலுகை போய்விடும். இரண்டு வருஷத்தில் முடித்து யூனிவர்சிட்டிக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகும்போதும் இந்தக் கேள்வி திரும்ப வரும், வயதை இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடிக்கணக்கில் வருமானம் என்பது டிவியில் வரும் பெரிய யூனிவர்சிட்டி ஃபுட்பால் கதை. 2025-இல் வந்த கோர்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த யூனிவர்சிட்டிகள் விளையாடும் பிள்ளைகளுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கின்றன. கம்யூனிட்டி காலேஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மகள் ஆடிய மேட்ச்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஜிம் வாசலில் ஒரு மடக்கு மேசை, அதில் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் வைத்து டீம் பிள்ளைகளே விற்பார்கள். அந்தக் காசு டீ-ஷர்ட்டுக்கு.

அப்படியானால் காலேஜ் ஏன் டீம் நடத்துகிறது? மாநில அரசு காலேஜுக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி, எத்தனை முழுநேர மாணவர்களுக்குச் சமமாகப் பாடம் நடக்கிறது என்ற கணக்கில் வருகிறது. இங்கே படிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் வேலை பார்த்துக்கொண்டே ஒன்றிரண்டு வகுப்பு எடுப்பவர்கள். டீமில் இருக்கும் பிள்ளையோ சீசன் முழுக்க 12 யூனிட் வைத்திருந்தே ஆக வேண்டும். 40 பேர் கொண்ட ஒரு டீம் என்றால் 40 முழுநேர மாணவர்கள். கோச் சம்பளமும் பஸ் வாடகையும் போக இந்தக் கணக்கில்தான் டீம் தன் செலவை நியாயப்படுத்துகிறது. சான் மாட்டியோ, மரின் மாதிரி உள்ளூர் சொத்துவரியே போதுமான மாவட்டங்களில் மட்டும் இந்த நெருக்கடி குறைவு.

இந்த 12 யூனிட்டை மகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் மகள் 15 யூனிட் எடுத்திருந்தாள், அதில் கெமிஸ்ட்ரி மட்டும் 5. மார்ச்சில் ஒரு டெஸ்ட் மோசமாகப் போனது. ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு "கெமிஸ்ட்ரியை டிராப் பண்ணிடட்டுமா அம்மா" என்றாள். பட்டனை அழுத்தியிருந்தால் 10 யூனிட். அவள் ஆடும் தகுதி அந்த நிமிஷமே போயிருக்கும். அது தெரியாமல் அடுத்த மேட்சில் இறங்கியிருந்தால் டீமின் வெற்றியும் பறிபோயிருக்கும். விடிந்ததும் கோச்சிடம் பேசினோம், அவர் டியூட்டரிங் சென்டருக்கு அனுப்பினார். பி வாங்கினாள். இரண்டாவது சீசன் ஆட வேண்டுமானால் நடுவில் 24 யூனிட் முடித்து சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ 2.0-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

—

அக்கா, கூடவே ஒரு சந்தேகம். போன வருஷம் வீடு வாங்கினோம். பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்லில் காலேஜ் பாண்ட் என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்து காலேஜில் மைதானத்துக்குப் புது டர்ஃப் (செயற்கைப் புல்) போட்டிருக்கிறார்கள், என் மனைவி எடுக்க நினைத்த சாயங்கால வகுப்பை மட்டும் பணமில்லை என்று ரத்து செய்துவிட்டார்கள். நம் வரி விளையாட்டுக்கா போகிறது?

—

கோபம் வருவது நியாயம்தான் தம்பி. ஆனால் அவை இரண்டும் வேறு வேறு உண்டியல். 2000-இல் வந்த ப்ராப்பொசிஷன் 39-படி 55 சதவீத ஓட்டு கிடைத்தால் காலேஜ் பாண்ட் எடுக்கலாம், அதாவது சொத்துவரியிலிருந்து திருப்பிக் கட்டும் கடன். அந்தப் பணத்தைக் கட்டடம், மைதானம், லேப் என்று கட்டுமானத்துக்கும் சாதனங்களுக்கும்தான் செலவழிக்கலாம், ஆசிரியர் சம்பளத்துக்குத் தொடக் கூடாது. ஓட்டு போடும்போதே எதற்கு என்று பட்டியல் கொடுத்திருப்பார்கள். அதைக் கண்காணிக்கப் பொதுமக்கள் குழு ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். டர்ஃப் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று பாருங்கள்.

டீமின் அன்றாடச் செலவுக்கு வேறு அறிக்கை. மாணவர்களுக்கு ஃபெடரல் உதவித்தொகை வாங்கி, ஆண் பெண் இரு பாலருக்கும் கல்வி தந்து, டீமும் நடத்தும் ஒவ்வொரு காலேஜும் வருஷா வருஷம் அக்டோபர் 15-க்குள் விளையாட்டுக் கணக்கை வெளியிட வேண்டும் என்று 1994 சட்டம் சொல்கிறது. ஃபெடரல் கல்வித் துறையின் இணையதளத்தில் காலேஜ் பெயரைப் போட்டால் ஆண்கள் டீமுக்கு எவ்வளவு, பெண்கள் டீமுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். பல காலேஜ்களில் வரவும் செலவும் ஒரு டாலர் பிசகாமல் சமமாக இருக்கும். காலேஜ் தன் பொது நிதியிலிருந்து போட்ட பணத்தையும் வரவில் சேர்த்துக் காட்டுவதால் அப்படி. டீம் தன் காலில் நிற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் ஆண்கள் டீம், பெண்கள் டீம் என்ற அந்த இரண்டு கணக்கையும் ஒப்பிட்டு அவசியம் பாருங்கள். கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்னும் 1972-இன் டைட்டில் 9 சட்டம் கம்யூனிட்டி காலேஜுக்கும் உண்டு. நன்கொடையில் ஆண்கள் டீமுக்கு வசதி செய்தாலும், பெண்களுக்கும் அதற்கு ஈடான வசதியைத் தரும் பொறுப்பு காலேஜுடையது.

வகுப்பு ரத்தானதைக் கேட்க, காலேஜை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் கூட்டத்துக்குப் போங்கள். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டா வந்துவிடும். குடியுரிமை வேண்டாம், விசாவில் இருப்பவரும் பேசலாம். நான் கிரீன் கார்டு வருவதற்கு முன்பே பேசியிருக்கிறேன்.

கடைசியாக மகள் விஷயம். கோச்சுக்கு அவளே முதலில் மெயில் போடட்டும், ஏனென்றால் தன் வட்டாரத்துக்கு வெளியே இருக்கும் பிள்ளையை கோச் முதலில் தொடர்புகொள்ளக் கூடாது. பேட்மின்டன் சீசன் வசந்தகாலத்தில்தான், ஆனால் மெயிலை இப்போதே போடலாம். சீசனுக்கு முன் டாக்டரிடம் உடல் பரிசோதனை செய்து ஃபார்ம் கொடுக்க வேண்டும். காலேஜ் எடுத்திருக்கும் விபத்து இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் உங்கள் இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மீதிக்குத்தான் வரும். அதனால் உங்கள் ஆபீஸ் பிளானில் அவள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.