அவல்ஷன்: தடப்பெயர்வா, தடம்புரள்வா, உடைப்பா?

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர்)

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

இளநிலைப் புவியியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஆசியாவின் பெரிய வண்டல் சமவெளிகள் பற்றியது. கோசி, தீஸ்தா, பிரம்மபுத்திரா, சீனத்து மஞ்சளாறு நான்கும் வருகின்றன. வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது, அவல்ஷன் (avulsion) என்ற ஓர் ஆங்கிலச் சொல்தான் நிற்கிறது.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு வெளியேறி, சமவெளியில் வேறொரு தாழ்ந்த வழியைப் பிடித்து, அதையே தன் தடமாக்கிக்கொள்வதுதான் பொருள். ஆற்று வளைவு ஆண்டுதோறும் கொஞ்சங்கொஞ்சமாக ஒதுங்குவது இதில் சேராது. வளைவின் கழுத்து அறுபட்டுக் குருட்டாறு உண்டாவதும் சேராது.

தற்காலிகமாக 'ஆற்றுத் தடமாற்றம்' என்று போட்டிருக்கிறேன். ஆனால் அதே பக்கத்தில் பக்கவாட்டு நகர்வும் வருகிறது. அதுவும் தடமாற்றம்தானே என்று மாணவர் கேட்டால் பதில் இல்லை. வேண்டிய சொல் வினையாகவும் வர வேண்டும், 'பகுதி அவல்ஷன்', 'முழு அவல்ஷன்' என்று அடைமொழி தாங்க வேண்டும், வரைபடக் குறிவிளக்கத்தில் ஒரு வரிக்குள் அடங்க வேண்டும்.

மடல் 2 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்)

'உடைப்பு' இருக்கும்போது வேறு சொல் எதற்கு? காவிரிப் பாசனத்தில் எந்த விவசாயியைக் கேட்டாலும் 'ஆறு உடைப்பெடுத்துக்கிச்சு' என்பார். அகராதி தேவையில்லை.

கோசியில் 2008 ஆகஸ்ட் 18 அன்று நடந்ததும் அதுதான். நேபாளத்தின் சுன்சரி மாவட்டத்தில், தடுப்பணைக்குச் சுமார் 12 கி.மீ. மேலே, குசகா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் ஓடிய நீர் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கன அடி. தடுப்பணையின் வடிவமைப்பு அளவு 9.5 லட்சம் கன அடி. ஆகவே 'வரலாறு காணாத வெள்ளம்' என்று பாடத்தில் எழுதிவிடாதீர்கள். இரண்டு கரைக்கும் நடுவே வண்டல் படிந்து ஆற்றின் தரை உயர்ந்துவிட்டது. நீரோட்டம் கிழக்குக் கரையை ஒட்டிப் பாய்ந்து, கரையைக் காக்கக் கட்டிய குறுக்குச் சுவர்களை அரித்தது. கடைசியில் கரையே போனது. உடைப்புக்கு வெள்ளத்தைவிடப் பராமரிப்பே பெரிய காரணம் என்பதை மாணவர் அறிய வேண்டும்.

மடல் 3 (புவியியல் விரிவுரையாளர்)

> 'உடைப்பு' இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

ஐயா சொன்ன தகவல்கள் அத்தனையும் சரி. சொல் மட்டும் போதாது. உடைப்பு கரைக்கு நேர்வது. அவல்ஷன் ஆற்றுக்கு நேர்வது. எல்லா உடைப்பும் அவல்ஷன் ஆகாது.

மஞ்சளாற்றுக் கணக்கைப் பாருங்கள். சுமார் 2,500 ஆண்டுப் பதிவுகளில் 1,500-க்கும் மேற்பட்ட உடைப்புகள். பெரிய தடமாற்றங்கள் 26 என்பது சீனத்தில் வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கை. மற்ற உடைப்புகளெல்லாம் அடைக்கப்பட்டன, அல்லது வெள்ளம் வடிந்ததும் ஆறு பழைய தடத்துக்கே திரும்பியது. சீனர்கள் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: கரை உடைந்தால் 'ஜுவேகொவ்', ஆறு வழி மாறினால் 'காய்தாவ்'. நாமும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இயக்கத்தையும் பாடத்தில் இரண்டு படியாகப் பிரியுங்கள். முதலாவது ஆயத்தம். ஆறு தன் தடத்துக்குள்ளும் கரையோரத்திலும் வண்டலைக் கொட்டிக்கொண்டே வருகிறது. தூரத்துச் சமவெளிக்கு அந்த வண்டல் போய்ச் சேர்வதில்லை. காலப்போக்கில் ஆறு சுற்றுநிலத்தைவிட உயரத்தில் ஓடத் தொடங்கும். அந்த உயர வேறுபாடு ஏறக்குறைய ஆற்றின் ஆழத்தளவு ஆனதும் ஆறு பெயரத் தயார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். இரண்டாவது தூண்டுதல்: ஒரு வெள்ளம், ஒரு நிலச்சரிவு, ஒரு நிலநடுக்கம், ஒரு பலவீனமான கரை. ஆயத்தம் முற்றியிருந்தால் சிறிய தூண்டுதல் போதும். குசகாவில் ஒன்றரை லட்சம் கன அடிக்கே கரை போனதன் விளக்கம் இதுதான். 'உடைப்பு' என்ற சொல் இரண்டாம் படியை மட்டுமே காட்டுகிறது.

மடல் 4 (தமிழாசிரியர்)

ஐயன்மீர்,

ஆறு என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடுவதால் ஆறு. அறு என்பது நீண்டு ஆறு ஆயிற்று. அவல்ஷனின் இலத்தீன் வேருக்கும் பிய்த்தெடுத்தல் என்பதே பொருள். பல் மருத்துவத்தில் பல் வேரோடு பெயர்ந்து விழுவதையும் இதே சொல்லால் குறிக்கிறார்கள். ஆகவே 'ஆற்றறுகை' பொருந்தும். ஆறு என்றால் வழி என்றும் பொருள். அறத்தாறு, ஆற்றுப்படை எல்லாம் வழியைக் குறித்தவை. சீனரின் சொல் 'வழி மாற்றம்' என்றால், 'ஆறு மாறல்' என்பதே அதற்கு நேர். நம் மொழியில் ஆறும் வழியும் ஒரே சொல் என்பது எவ்வளவு பெரிய செல்வம்!

மடல் 5 (மொழியியல் ஆய்வாளர்)

> அறு என்பது நீண்டு ஆறு ஆயிற்று.

ஐயா, நீர் ஓடும் ஆற்றுக்குப் பழைய வடிவம் 'யாறு'. சங்கப் பாடல்களில் அப்படித்தான் பயில்கிறது. யாண்டு ஆண்டு ஆனது, யானை பேச்சில் ஆனை ஆனது போல யாறு ஆறு ஆனது. தெலுங்கில் இது 'ஏறு'. தமிழ் யா, தெலுங்கில் ஏ: யாண்டுக்கு ஏடு, யானைக்கு ஏனுகு. ஒழுங்கான இணை. முதலில் யகரம் இருந்த சொல் அறு என்பதிலிருந்து வர வழியில்லை.

இன்னொன்று: வழி என்ற பொருளில் வரும் ஆறு யகரம் இல்லாதது. திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனி வேராகவே தருகிறது. ஆறும் வழியும் பிற்காலத்தில் ஒலியால் ஒன்றுபட்ட இரண்டு சொற்கள். எண்ணாகிய ஆறு மூன்றாவது.

மடல் 6 (தமிழாசிரியர்)

வேர் இரண்டாகவே இருக்கட்டும். ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழன் காதில் ஒன்றாகத்தானே ஒலிக்கிறது? கலைச்சொல்லுக்குக் காதில் படும் பொருளும் ஒரு சான்று. 'ஆற்றறுகை' வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். ஆனால் சொற்பிறப்பு ஒத்துவரவில்லை என்பதால் பொருத்தமான சொல்லைத் தள்ளுவது முறையல்ல.

மடல் 7 (மொழிபெயர்ப்பாளர்)

வேர்ச்சொல் இழையைத் தனியாகத் தொடருமாறு வேண்டுகிறேன். பயனுள்ள இழை, ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. 'ஆறு மாறல்' வரைபடத்தில் 'ஆறு மாதம்' போலப் படிக்கப்படும், மன்னிக்கவும். இதுவரை எனக்குத் தனிமடலில் வந்தவை: தடப்பெயர்வு, தடந்தாவல், தடம்புரள்வு, கால்மாற்றம். கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 8 (புவியியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்)

வணக்கம். 'கால்மாற்றம்' வேண்டாம். வாய்க்கால், மறுகால் என்று கூட்டாக வரும்போதுதான் கால் நீர்வழியாக விளங்கும். தனியே முன்னால் வந்தால் பிள்ளைகளுக்குக் கால் கால்தான்.

அவல்ஷன் என்றே பாவித்தால் என்ன குறை? டெல்டா என்ற சொல் தமிழகம், இலங்கை இரண்டிலும் நிலைத்துவிட்டது. லோயசும் (காற்று கொண்டுவந்து படிந்த மண்) கார்ஸ்ட்டும் (சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டாகும் நிலவடிவம்) அப்படியே நிற்கின்றன. ஆங்கிலத்தில் மேற்படிப்புக்குப் போகும் பிள்ளை அங்கே அதே சொல்லைத்தான் சந்திக்கப் போகிறது.

மடல் 9 (தமிழாசிரியர்)

அம்மா, கார்ஸ்ட் ஓர் இடத்தின் பெயரிலிருந்து வந்த சொல். அதை மாற்ற வேண்டியதில்லை. அவல்ஷன் ஒரு செயலின் பெயர். செயலுக்குத் தமிழில் வினை இல்லாவிட்டால் மாணவர் 'ஆறு அவல்ஷன் ஆனது' என்று எழுதுவார். அதில் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. 'ஆறு தடம் பெயர்ந்தது' என்று எழுதினால் பாடம் படிக்காத தாய்க்கும் விளங்கும்.

மடல் 10 (மொழியியல் ஆய்வாளர்)

'தடந்தாவல்' பற்றி ஓர் இலக்கணக் குறிப்பு. தடமே தாவினால் தடந்தாவல் சரி. இங்கே தாவுவது ஆறு. தடத்திலிருந்து தடத்துக்குத் தாவுகிறது. அது வேற்றுமைத் தொகை. தடத்தாவல் என்றல்லவா வர வேண்டும்?

மடல் 11 (தமிழாசிரியர்)

'மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும் வன்மைக்கு இனமாத் திரிபவும் ஆகும்' என்று நன்னூலார் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். தடந்தாவல் பிழையாகாது.

மடல் 12 (புவியியல் விரிவுரையாளர்)

இலக்கணம் இடம் கொடுத்தாலும் புவியியல் இடம் கொடாது. தாவல் ஒரு நொடியில் முடிவது. பிரம்மபுத்திராவைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் அதன் முதன்மை நீர் மைமன்சிங் பக்கமாகப் போயிற்று. 1787 வெள்ளத்தில் தீஸ்தா கங்கைப் பக்கத்தை விட்டுப் பிரம்மபுத்திராவுக்குள் வந்து விழுந்தது. அதன் பிறகு பிரம்மபுத்திராவின் நீர் இன்றைய யமுனைத் தடத்துக்கு மாறி முடிய சில பத்தாண்டுகள் ஆயின. இது வங்காளதேசத்து யமுனை. தில்லி யமுனை என்று மாணவர் நினைக்காதபடி ஓர் அடிக்குறிப்புப் போடுங்கள். பழைய தடத்தில் இன்றும் மழைக்காலத்தில் நீர் ஓடுகிறது. பெயரே பழைய பிரம்மபுத்திரா. இதைத் தாவல் என்று எப்படிச் சொல்வது? 'பெயர்வு' வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாததால் நமக்கு வசதி.

மடல் 13 (நிலவியல் ஆய்வாளர்)

நான் 'தடம்புரள்வு' பக்கம். 'கரைபுரண்டு ஓடியது' என்று ஆற்றுக்கே உரிய வினை நம்மிடம் இருக்கிறது. புரளும்போது கரை கடக்கப்படுவதும் தெரிகிறது, தடம் மாறுவதும் தெரிகிறது. பெயர்வில் அந்தத் திடுக்கம் இல்லை. குருப்பெயர்ச்சியும் சனிப்பெயர்ச்சியும் மெல்ல நகர்வதைத்தானே சொல்கின்றன?

திடீர் என்பது அழகுக்கான அடைமொழி அல்ல, சட்டப் பொருள் உடையது. வங்காளத்தில் 1825-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறை ஆற்றோர நிலத்தைப் பற்றியது. ஆறு மெல்ல ஒதுங்கிச் சேர்த்த மண், அது ஒட்டிய நிலத்துக்காரருக்கு. ஆறு திடீரென வழிமாறி ஒரு நிலத்தை மறுகரைக்குத் தள்ளினால், அடையாளம் அழியாத வரை அது பழைய உரிமையாளருக்கே. ஒரே ஆறு, இரண்டு வகை நகர்வு, இரண்டு தீர்ப்பு. பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் நடுவே கங்கையும் காக்ராவும் எல்லையை இழுத்துக்கொண்டே போனதால் 1968-இல் தனிச் சட்டம் போட்டு எல்லையை நிலைப்படுத்தினார்கள். சொல் அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

மடல் 14 (புவியியல் விரிவுரையாளர்)

வேறுபாடு காட்ட வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதைப் பக்கவாட்டு 'நகர்வு', தடப் 'பெயர்வு' என்ற எதிரிணையே காட்டிவிடும். நகர்வு தொடர்ச்சியானது, பெயர்த்தல் வேரோடு எடுத்து வேறிடத்தில் வைப்பது. பல் பெயர்ந்து விழுவதைத் தமிழாசிரியர் ஐயாவே எழுதியிருக்கிறார்.

தடம்புரள்வை நான் எதிர்ப்பதற்குக் காரணம் ரயில். ரயில் தடம் புரண்டால் அது விபத்து. யாரோ தவறு செய்திருக்கிறார்கள். ஆறு தடம் பெயர்வது தவறு அல்ல. கோசியின் வண்டல் விசிறி ஏறத்தாழ 180 கி.மீ. நீளம், 150 கி.மீ. அகலம். மலையை விட்டுச் சத்ராவில் வெளிவரும் ஆறு திரும்பத் திரும்பத் தடம் பெயர்ந்து வண்டலைப் பரப்பியதால்தான் அந்த விசிறியே உண்டாயிற்று. சுமார் 200 ஆண்டுகளில் 110 கி.மீ.க்கு மேல் மேற்கே ஒதுங்கிய ஆறு அது. 1950-களில் தொடங்கிக் கரை கட்டி அதை ஒரே தடத்தில் நிறுத்தினோம். கொட்டும் வண்டல் எல்லாம் கரைகளுக்கு நடுவிலேயே குவிந்தது. இந்தப் பாடத்தில் மாணவர் கற்க வேண்டியதே இதுதான். 'புரள்வு' என்று எழுதினால் ஆறு குற்றவாளி ஆகிவிடும், கரை நிரபராதி ஆகிவிடும்.

மடல் 15 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்)

மனிதரே உடைத்தால்? 1938 ஜூனில் ஜப்பானியப் படையைத் தடுக்கச் சீனத் தேசியவாதப் படை ஹுவாயுவான்கொவில் மஞ்சளாற்றுக் கரையை உடைத்தது. ஆறு தெற்கே ஹுவாய் சமவெளிக்குள் பாய்ந்து 1947 வரை அங்கேயே ஓடியது. அதையும் பெயர்வு என்பீர்களா, பெயர்ப்பு என்பீர்களா?

மடல் 16 (மொழியியல் ஆய்வாளர்)

தன்வினை பெயர்வு, பிறவினை பெயர்ப்பு. 1855-இல் தோங்வாசியாங்கில் கரை உடைந்து, மஞ்சள் கடலில் சேர்ந்துகொண்டிருந்த ஆறு வடக்கே போஹாய் கடலுக்குத் திரும்பியதே, அது தடப்பெயர்வு. 1938-இல் நடந்தது தடப்பெயர்ப்பு. இந்த வசதி புரள்வுக்கும் உண்டு, ஆனால் 'தடம்புரட்டல்' காதுக்கு ஒவ்வவில்லை.

மடல் 17 (புவியியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்)

ஒரு பிரச்சினை கண்ணில் படுகிறது. கோசிப் பகுதியில் இலட்சக்கணக்கான சனங்களின் இடப்பெயர்வும் அதே பத்தியில் வருமே? 'தடப்பெயர்வால் இடப்பெயர்வு' என்று ஒரே வசனத்தில் வந்தால் தேர்வில் பிள்ளைகள் குழம்புவார்கள். இன்னொன்று, மஞ்சளாற்றின் தரை சில இடங்களில் சுற்றுநிலத்தைவிட 10 மீற்றர் வரை உயரம். சீனர் அதைத் தொங்கும் ஆறு என்பர். அதற்கு 'மேட்டாறு' நல்லது. தொங்காறு என்று எழுதாதீர்கள், தொங்காத ஆறு என்றும் படிக்கலாம்.

மடல் 18 (மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் நன்றி. முடிவு இப்படிப் போகிறது: தடப்பெயர்வு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் அவல்ஷன். மனிதர் செய்தது தடப்பெயர்ப்பு. தடங்கள் கிளைக்கும் இடம் 'தடப்பெயர்வுக் கணு'. முனை என்றால் கடல்முனை நினைவு வருகிறது. மேட்டாறு ஏற்கப்பட்டது. மக்களைப் பற்றி வருமிடத்தில் 'வீடிழந்து வெளியேறினர்' என்று வினையாகவே எழுதிவிடுகிறேன். உடைப்புக்கு வெளியே மணல் விரிந்து கிடப்பதற்கு 'உடைப்பு விசிறி' என்று வைத்திருந்தேன். வண்டல் விசிறியோடு மோதுவதால் 'உடைப்பு மணல்விரிப்பு' ஆக்கிவிட்டேன்.

மடல் 19 (நிலவியல் ஆய்வாளர்)

பெரும்பான்மையை மதிக்கிறேன். என் கட்டுரைகளில் தடம்புரள்வு என்றே எழுதுவேன். அடுத்த பதிப்பில் மீண்டும் பேசுவோம்.

மடல் 20 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்)

ஒரு திருத்தம் மட்டும். குசகாப் பத்தியில் 'முழுத் தடப்பெயர்வு' என்று போடாதீர்கள். நீரின் பெரும்பகுதி கிழக்கே பழைய தார்களின் (ஆற்றின் பழைய தடங்களுக்கு அந்தப் பக்கத்துப் பெயர்) வழியே போனது உண்மை. ஆனால் அடுத்த மழைக்காலத்துக்குள் உடைப்பை அடைத்து ஆற்றைத் தடுப்பணைக்கே திருப்பிவிட்டார்கள். அடைக்காமல் விட்டிருந்தால் முழுப் பெயர்வு ஆகியிருக்கலாம். நடந்தவரைக்கும் அது உடைப்பு. வரைபடத்தில் பழைய தடங்களை ஓரிடத்தில் 'பழந்தடம்' என்றும் இன்னோரிடத்தில் 'கைவிட்ட தடம்' என்றும் குறித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் ஒன்றாக்குங்கள்.