பச்சோந்திக்குச் சில்லூறு மட்டும் போதுமா?

ஒட்டுசுட்டான் ரீச்சர்
பின்பக்கக் காணியை டோசர் விட்டுத் துப்புரவாக்கும்போது வீரை மரத்தோடு விழுந்த பச்சோந்தி ஒன்றைத் தங்கச்சியின் மகன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பின்னங்கால் வீங்கியிருக்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னோம். திங்கட்கிழமை வந்து எடுப்பார்கள். அதுவரை கொய்யாக் கொப்பொன்றை நுளம்புவலைக்குள் கட்டி அதில் விட்டிருக்கிறேன். பொச்சுக் கும்பியைக் கிளறிப் பெடியன் பிடித்த சில்லூறுகளை இரண்டு நாள் நன்றாகத் தின்றது. நேற்றிலிருந்து ஒரு கண் சில்லூறில், மற்றக் கண் என்னில், வாய் திறப்பதே இல்லை. வேறு என்ன பூச்சி கொடுக்கலாம்?

கனடாக் குஞ்சன்
ரீச்சர், சொந்த ஊர் புதுக்குடியிருப்பு, இப்போது இங்கே குளிருக்குள். என்னிடம் நான்கு வருடமாக யேமன் பச்சோந்தி ஒன்று இருக்கிறது. கூண்டில் பிறந்தது, கடையில் வாங்கியது. என் அனுபவத்தில், ஒரே பூச்சியைத் தொடர்ந்து கொடுத்தால் ஒருநாள் முகத்தைத் திருப்பிவிடும். நான் சில்லூறு, டுபியா கரப்பொத்தான், பட்டுப்புழு, பிளாக் சோல்ஜர் ஈயின் புழு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். கொழுப்புக் கூடிய சூப்பர்வோர்ம் எப்போதாவது ஒன்று. அங்கே ஏன் யோசிக்கிறீர்கள்? வெளியே போனால் வெட்டுக்கிளி, ஈசல், அந்துப்பூச்சி. நான் காசு கொடுத்து வாங்குகிறேன், உங்களுக்கு மழை கொண்டுவந்து தருகிறது.

கோழிக்கூடு
வவுனியாவில் கோழிக்காக இந்த சோல்ஜர் ஈப் புழுவை நான்தான் வளர்க்கிறேன், அதனால் கொஞ்சம் கதைக்கலாம். குஞ்சன் அண்ணை சொல்வது பாதிதான் சரி. பத்து வகைப் பூச்சி கொடுத்தாலும் பத்தும் பட்டினி கிடந்த பூச்சியென்றால் கோதைத்தான் தின்னக் கொடுக்கிறீர்கள். பொச்சுக்குள் கிடந்த சில்லூறை ஒருநாள் போத்தலில் விட்டு, முருங்கையிலை, பூசணித் துண்டு, கரட் கொடுத்துப் பிறகு போடுங்கள். பூச்சியின் வயிற்றில் இருப்பதும் சேர்ந்துதான் பச்சோந்திக்குப் போகிறது.

அடுத்தது கல்சியம். சில்லூறில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் மிகவும் குறைவு. அது நீண்டநாள் தொடர்ந்தால் தாடை றப்பர் மாதிரி வளையும், கை கால் கோணும். சோல்ஜர் ஈப் புழு ஒன்றுதான் இதற்கு விலக்கு, அதன் தோலிலேயே கல்சியம் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் மாவாய் அரைத்த முட்டைக்கோதைத் தூவலாம்.

கனடாக் குஞ்சன்
தம்பி, ஒரே சில்லூறுக்கு என்னதான் தீத்தினாலும் அது சில்லூறுதான். காட்டில் இருக்கிற பச்சோந்திக்கு யார் கரட் தீத்தின பூச்சி கொடுக்கிறார்கள்?

கோழிக்கூடு
காட்டில் இருக்கிற பூச்சி தானாகவே இலையும் பூந்தூளும் தின்கிறது அண்ணை. அதைத்தானே சொல்கிறேன். உங்கள் பெட்டிக்குள் இருக்கிற சில்லூறு என்ன தின்கிறது, முட்டை மட்டையையா?

வரம்புக்காரன்
இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள். ரீச்சர், முத்தையன்கட்டுப் பக்கம் என் வயல் வரம்பில் காலமை ஒரு நடை நடந்தால் ஒரு போத்தல் வெட்டுக்கிளி வரும். சோளச் சேனையில் படைப்புழுவும் கிடக்கிறது. பெடியனை அனுப்புங்கள், காசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

கோழிக்கூடு
அண்ணை கோபிக்க வேண்டாம், கடைசியாய் எப்போது மருந்தடித்தீர்கள்?

வரம்புக்காரன்
போன கிழமை. ஆனால் அதில் தப்பின பூச்சி நல்ல பூச்சிதானே, உயிரோடுதானே துள்ளுகிறது.

கோழிக்கூடு
அதுதான் வில்லங்கம். நல்ல வெட்டுக்கிளியைப் பிடிக்கப் பெடியன் அரை மணித்தியாலம் ஓட வேண்டும். மருந்து பட்டது அரைமயக்கத்தில் இலையில் இருக்கும், கையை நீட்டினால் வந்துவிடும். போத்தலில் நிறைவது அதுதான். படைப்புழு 2018 இல் நாட்டுக்குள் வந்ததிலிருந்து சோளத்துக்கு எவ்வளவு அடிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். நான் என் கோழிக்கே அதைப் போடுவதில்லை.

வரம்புக்காரன்
சரி, அது ஞாயம். அப்படியென்றால் குளக்கட்டுப் புல்லில் பிடிக்கட்டும், அங்கே ஒருவரும் அடிப்பதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், என் வீட்டு முருங்கையில் வருடா வருடம் ஒரு பச்சோந்தி வரும். பூக்கிற காலத்தில் அந்தக் கொப்பை விட்டு அசையாது. ஈயும் தேனீயும் வர வர, நாக்கு வெளியே போய் உள்ளே வருகிறதுதான் தெரியும். பூச்சி தேடி அது அலைவதில்லை, பூவுக்குப் பக்கத்தில் இருந்துவிடுகிறது.

கனடாக் குஞ்சன்
பார்த்தீர்களா, ஈ, தேனீ! பலவகை!

கோழிக்கூடு
பார்த்தீர்களா, பூந்தூள் தின்ற ஈ!

பாலைநிழல்
நான் வேறு மாதிரிச் சொல்கிறேன். இலங்கையில் பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட விலங்கு, பிடித்து வளர்க்க முடியாது. அதன் விஞ்ஞானப் பெயரிலேயே இலங்கை இருக்கிறது, கமீலியோ ஸெய்லானிகஸ். ரீச்சர் அறிவித்தது நல்லது. ஆனால் இந்தத் திரியைப் படித்துவிட்டு நாளைக்கு நான்கு பேர் காட்டுக்குள் போய் ஒன்று பிடித்து வந்து “என்ன பூச்சி போடலாம்” என்று கேட்பார்கள்.

பிறகு, அது தின்னாததற்குப் பூச்சிதான் காரணம் என்று ஏன் எல்லோரும் முடிவு கட்டினீர்கள்? நேற்று முழுக்க மழை. வெயில் காயாமல் அதற்குப் பசிக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? வலையைச் சுற்றி நின்று பார்த்தால் அது பயத்தில் கிடக்கும். தண்ணீர் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

ஒட்டுசுட்டான் ரீச்சர்
சிரட்டையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் மூன்று பேர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஏழு. எல்லோரும் வலையில் மூக்கை வைத்துக்கொண்டு.

பாலைநிழல்
ரீச்சர்! சிரட்டையில் அது குடிக்காது. இலையில் தண்ணீர் தெளியுங்கள், துளியை நக்கிக் குடிக்கும். வலையின் மூன்று பக்கமும் சாறத்தால் மூடி, வெயில் வந்ததும் பாதி நிழலில் வையுங்கள்.

கனடாக் குஞ்சன்
இதில் நான் ஒத்துப்போகிறேன். இன்னொன்று, இரண்டு கண்ணுக்கும் இடையில் உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கொடுக்க வேண்டாம். பெடியன் இரவில் மின்மினி பிடித்துப் போட்டுவிடாமலும் பாருங்கள். அமெரிக்காவில் மின்மினி தின்று தாடி ஓணான்கள் செத்திருக்கின்றன, இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அங்கத்தே மின்மினி வேறு இனம்தான், என்றாலும் ஏன் பரீட்சை பண்ணுவான்?

வரம்புக்காரன்
எருக்கலையில் இருக்கிற வரிப்புழுவும் வேண்டாம். எருக்கலைப் பாலின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைக்கிற சாமான், குருவியே தொடாது.

கோழிக்கூடு
நாலு நாளைக்குக் கல்சியம் தூவாவிட்டால் ஒன்றும் வராது, முதலில் சொன்னதில் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். சில்லூறுக்கு முருங்கையிலை கொடுப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்
காலமை பத்து மணிபோல வெயில் எறித்தது. சாறத்தைக் கட்டி, இலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அனுப்பினேன். இலை நுனியில் நின்ற துளிகளை ஒவ்வொன்றாய்க் குடித்தது, கறுத்திருந்த உடம்பு மெல்ல மெல்ல இலைப்பச்சைக்கு வந்தது. பிறகு வலைக்குள் தானாகப் புகுந்த ஒரு வீட்டு ஈயை அடித்தது. முருங்கையிலை தின்ற சில்லூறு இரண்டு. குளக்கட்டு வெட்டுக்கிளியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கனடாக் குஞ்சன்
ஈயை முதலில் அடித்தது, கவனியுங்கள்.

கோழிக்கூடு
சில்லூறு இரண்டு, ஈ ஒன்று. எண்ணிப் பாருங்கள் அண்ணை.